விண்டோஸ் 7-ல் ஜிஎஸ்டி கணக்கு... சிக்கல் எங்கே?

முகையூரில் ஒரு உரக்கடை என வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் பழசு, விண்டோஸ் 7. கணக்கு ஆன்லைன் சாஃப்ட்வேரில். "பிரவுசர்ல தானே ஓடுது, என்ன ஆகிடப் போகுது?" என்று தோணும்.

சிக்கலே பிரவுசர்தான். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. அதில் இயங்கும் கடைசி குரோம், 2023-ல் வந்த 109-வது பதிப்பு. சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கும், பிரவுசர் மாறாது. ஒருநாள் பக்கமே திறக்காமல் போகலாம். பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாததால் பாஸ்வேர்டு திருட்டு அபாயம் வேறு.

மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள் 20-ம் தேதி. தவறினால், வரி இருந்தால் தினமும் 50 ரூபாய் தாமதக் கட்டணம்; பாக்கி வரிக்கு 18% வட்டி.

தப்பிக்க வழி? கணக்கு இருப்பது சர்வரில். அப்டேட் ஆகும் வேறு கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலே போதும். விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வாங்கும்போது பார்த்து வாங்குங்க!