எட்டு ரூபாயும் ஒரு முட்டையும்

அந்தி சாய்ந்தபின் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழும் குழந்தையின் நோய்க்கு 'மாலைக்கண்' என்று பெயரிட்டு நம் மொழி நெடுங்காலமாகிறது. நோய்தான் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. வைட்டமின் ஏ குறைபாடு கண்ணோடு நிற்பதுமில்லை. தட்டம்மையையும் வயிற்றுப்போக்கையும் உயிர்க்கொல்லிகளாக்குகிறது. வைட்டமின் டி குறைந்தால் எலும்பு வளைகிறது. பி12 குறைந்தால் இரத்தம் மட்டுமன்றி, வளரும் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன.

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 18 விழுக்காட்டினருக்கு வைட்டமின் ஏ குறைபாடும், 14 விழுக்காட்டினருக்கு பி12 குறைபாடும், 23 விழுக்காட்டினருக்கு ஃபோலேட் குறைபாடும் உள்ளதாக 2016-18இல் ஒன்றிய அரசு நடத்திய ஆய்வே கூறுகிறது.

ஆறு மாதத்திற்கொருமுறை புகட்டும் வைட்டமின் ஏ திரவம் 1970 முதல் நடைமுறையில் உள்ளது. அது தேவையே. ஆயினும் சொட்டு மருந்து சோற்றுத் தட்டுக்கு ஈடாகாது. குறிப்பாக, பி12 இயற்கையில் தாவர உணவில் கிடைப்பதில்லை; முட்டை, பால், மீன், இறைச்சியில்தான் உண்டு. இதை அறியாதவர்களா 2015இல் மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டைக்கு இடமில்லை என்றார்கள்? 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பள்ளி முட்டைக்கான நிதியை நிறுத்தியது. அங்கன்வாடிக்கு வருவோர் பெரும்பாலும் உழைப்பாளி, தலித், ஆதிவாசிக் குழந்தைகள். மறுப்பவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வருவதில்லை.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 ஆகஸ்டில் 'போஷக பால்யம்' திட்டத்தைத் தொடங்கி, அங்கன்வாடிகளில் வாரம் இரு நாள் பாலும் இரு நாள் முட்டையும் வழங்கியது. 2025இல் அவற்றை மும்மூன்று நாளாக்கியது. பெருமைக்குரியதே. எனினும், தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கேரளத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே இரத்தசோகை 2015-16இல் 35.7 விழுக்காடாக இருந்து 2019-21இல் 39.4 ஆக உயர்ந்ததை நாம் மறைக்கலாகாது. இரும்புச்சத்துக் குறைவும் வைட்டமின் குறைவும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

ஒன்றிய அரசோ 2017இல் ஒரு குழந்தையின் ஒருநாள் துணை உணவுக்கு எட்டு ரூபாய் என நிர்ணயித்தது. அதிலும் பாதியை மாநிலங்களே ஏற்கவேண்டும். 2022இன் புதிய வழிகாட்டு நெறிகளும் அத்தொகையைத் தொடவில்லை. இன்றைய சந்தையில் அது ஒரு முட்டைக்கும் ஒரு குவளைப் பாலுக்கும் போதாது.

இத்தொகையை உயர்த்தக் கோரும் அங்கன்வாடி ஊழியர்களின் போராட்டத்தில் தோழர்கள் உடன் நிற்க வேண்டும். திருவனந்தபுரத்தின் கடலோரக் குடியிருப்புகளிலும், வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் நகர்ப்புறச் சந்துகளிலும், அங்கன்வாடிப் பதிவேட்டில் இடம்பெறாத குழந்தைகளைக் கிளைகள் வீடுவீடாகச் சென்று கண்டறிந்து, பள்ளி திறக்கும் ஜூனுக்குள் சேர்த்துவிட வேண்டும்.