சொல்லைப் பெற்றால் போதுமா?

கணினிக்குத் தமிழில் சொல் இல்லையே என்று அங்கலாய்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்லைப் பெற்றுப் போட்டுவிட்டுத் திரும்பியே பார்க்காதவர்களோடுதான் சண்டை.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். எதை, யார், எப்போது திருத்தினார் என்று காத்து வைக்கும் பதிவேடு அது. பதிவெல்லாம் சேரும் இடம் ஆங்கிலத்தில் ரெப்பாசிட்டரி. பிரெஞ்சில் 'தெப்போ'. நம் பஸ் டிப்போவும் அதே சொல்தான்! திருத்தத்தை உறுதிசெய்து பதிவது 'கமிட்'. பிரெஞ்சுக்காரர் அதை வினையாக வந்தால் 'வலிதே' என்பார். பெயராக வந்தால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வார். தூய்மைவாதிக்குப் பிடிக்காது. ஆனால் எந்த இடத்தில் எது என்று வகுத்துவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம் இல்லை.

நம்மிடம்? ரெப்பாசிட்டரியை ஒருவர் களஞ்சியம் என்பார், அடுத்தவர் கிடங்கு என்பார். புதிதாகப் படிக்கும் பிள்ளை இரண்டும் வேறு வேறு என்றுதானே நினைக்கும்? எது அழகு என்று பட்டிமன்றம் நடத்த நூறு பேர். ஒன்றை முடிவுசெய்து, பழைய பக்கங்களையெல்லாம் அதன்படி திருத்த ஒருவர் இல்லை.

கலைச்சொல் பட்டியல் கல்வெட்டு அல்ல ஐயா, நடப்புக் கோப்பு. எந்தச் சொல் ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன், என்றைக்கு? அத்தனையும் அதில் ஏற வேண்டும். திருத்தங்களைக் காக்கும் மென்பொருளுக்குப் பட்டியல் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலின் திருத்தங்களுக்கே கணக்கு வைக்காவிட்டால் ஊர் சிரிக்காதா? அதையும் கிட்டிலேயே போட்டு வையுங்களேன்!

இது குமாஸ்தா வேலை என்று இளப்பம் செய்யாதீர்கள். அந்த வேலைக்கு ஆள் இல்லாமல்தான் நல்ல சொற்கள் நாதியற்றுப் போகின்றன.