பழைய காரா? முதலில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்

பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்த மகனுக்கோ மகளுக்கோ பழைய கார் தேடும் பெற்றோர், விலை என்ன, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனையாவது ஓனர் என்றுதான் விசாரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தை. இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் பக்க ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும் கட்டாயமாயின. அதற்கு முன் வந்த பல கார்களின் அடிப்படை மாடலில் இவை இல்லை. பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிப்பது புது ஓட்டுநரின் இயல்பு. அப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்ப இடம் கொடுப்பது ஏபிஎஸ்தான்.

“எப்படியும் இடித்துத்தான் பழகப் போகிறான், இருப்பதில் மலிவான வண்டி போதாதா?” என்று கேட்கலாம். கீறலுக்கும் நசுங்கலுக்கும் அந்த வாதம் சரி. ஆனால், அனுபவமின்மை பார்க்கிங்கோடு நின்றுவிடுவதில்லை. பட்ஜெட் இடிக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு: 2019க்கு முந்தைய சிறிய கார்களிலேயே உயர் ரக மாடல்கள் பலவற்றில் ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டும் இருந்தன. பழைய ஏர்பேக்கை நம்பலாமா என்பது நியாயமான சந்தேகம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டயரின் வயதையும் பாருங்கள்: அதன் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019இன் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயர் பழையதென்றால் அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். சன்ரூஃபையும் பெரிய திரையையும் விட்டுக்கொடுக்கலாம், பிரேக்கையும் ஏர்பேக்கையும் கூடாது.