மட்டியின் சதை பொய் சொல்லாது

களப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் சொல்வது இதுதான்: கண்டல் இலை விழுந்து உக்கும், அதைத் தின்று மட்டி வளரும், ஆகவே கண்டல் கன்று நட்டால் மட்டி பெருகும். கன்று நடுவது நல்ல காரியம். ஆனால் அதோடு நம் கடமை முடிந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை.

மட்டியின் குடலைப் பார்த்தால் அது விழுங்கியது தெரியும். உடம்பில் சேர்ந்தது எது என்பதைச் சதையில் உள்ள சமதானிகள் சொல்லும். காபனில் 100க்கு ஏறத்தாழ 99 பங்கு காபன்-12. மீதி சற்றுப் பாரமான காபன்-13. இந்தக் காபன்-13 கண்டல் இலையில் குறைவு, கடற்புல்லில் கூட, நீரில் மிதக்கும் நுண் அல்காவில் பெரும்பாலும் நடுத்தரம். தின்ற உணவின் விகிதம் அதிகம் மாறாமல் சதையில் பதிந்துவிடும்.

1970களில் அமெரிக்காவின் ஜோர்ஜியாக் கரையோரச் சதுப்புகளில் எவலின் ஹெய்ன்ஸ் இப்படி ஆராய்ந்தார். சுற்றிலும் சதுப்புப் புல். ஆனால் சிப்பியின் காபன் புல்லை விட அல்காவுக்கே கிட்டவாக இருந்தது. 1984இல் வெளியான மலேசிய ஆய்வில் கண்டல் ஓடைக்குள் வாழும் பிராணிகளில் கண்டல் காபன் இருந்தது. வெளிக்கடல் பிராணிகளில் அல்காக் காபனே மேலோங்கியது. இடத்துக்கு இடம் சாப்பாடு மாறுகிறது.

அப்படியென்றால் கண்டலை வெட்டலாமா? கூடவே கூடாது. அது கரையைக் காக்கிறது, மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் ஒதுங்க இடம் தருகிறது. நாங்கள் சொல்வது, மட்டிக்கு மரம் மட்டும் போதாது, தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே. மலசலகூடக் கழிவுநீரின் நைதரசனில் பெரும்பாலும் நைதரசன்-15 கூடுதல். அது அல்காவுக்குப் போய், மட்டியின் சதையில் ஏறி, சந்தைக்கும் நம் சட்டிக்கும் வருகிறது. கானில் விட்டதைக் களப்பு மறைத்தாலும் மட்டி மறைக்காது.

மட்டி பொறுக்கி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்களுக்காக இரண்டு வேலை செய்வோம். நம் களப்பு மட்டியை இம்முறையில் ஆராயும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்போம். அடுத்த கன்று நடும் கூட்டத்தில், களப்பில் விழும் கான்களை நிறுத்தவும் ஒரு தீர்மானம் எடுப்போம். உங்கள் தெருக் கான் எங்கே போய் விழுகிறது என்று கீழே எழுதுங்கள்.