ரைடு போறவன் மட்டும் தான் ஆட்டக்காரனா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் கோவத்துல எழுதற பதிவு. நேத்து சாயங்காலம் இளம்பிள்ளையில வழக்கமா போற டீக்கடையில கபடி பேச்சு. புரோ கபடியில பிளே ஆஃப்னு வந்துட்டா யாரு பெரிய ஆளுன்னு ஒரு விவாதம். தறி ஓட்டற நண்பர் ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, "யாரு பாயிண்ட் அதிகம் எடுத்தானோ அவன் தாங்க ஆட்டக்காரன். பிடிக்கறவன் எல்லாம் சும்மா ஊறுகாய்."

ஊறுகாயாம்! சின்ன வயசுல எங்க ஊர் டீமுக்கு பல வருஷம் லெஃப்ட் கார்னர்ல நின்னு முட்டிய தேச்சுக்கிட்டவன் நான். டீ ஆறிப்போச்சு, எனக்கு சூடு ஆறல. அதான் இந்தப் பதிவு.

கணக்கையே எடுத்துக்குவோம். 2019ல பெங்களூரு பவன் ஷெராவத் ரைடுல மட்டும் 346 பாயிண்ட், அந்த சீசன்ல அவர் தான் முதல். டீம் அரை இறுதியோட வீட்டுக்குப் போச்சு. அடுத்த சீசன்ல (இறுதி ஆட்டம் 2022 பிப்ரவரி) மறுபடியும் பவன் தான் முதல், 304 பாயிண்ட். மறுபடியும் அரை இறுதியோட சரி. பத்தாவது சீசன்ல டெல்லி ஆஷு மாலிக் முதல், டீம் எலிமினேட்டர தாண்டல. 2024ல பாட்னா தேவாங்க் 301 பாயிண்ட். இறுதி ஆட்டத்துல ஹரியானா கிட்ட பாட்னா 32-23ன்னு தோத்துச்சு. சீசன் பூரா 301 எடுத்தவர் இருக்கற டீம் மொத்தமும் சேர்ந்தே 23 தாங்க!

நடுவுல 2022 டிசம்பர்ல மட்டும் முதல் ரைடர் அர்ஜுன் தேஷ்வால் இருந்த ஜெய்ப்பூர் கோப்பைய தூக்குச்சு. ஆக, ஏழுல இருந்து பதினொன்னு வரைக்கும் அஞ்சு சீசன்ல ஒரே ஒரு தடவை தான் முதல் ரைடரோட டீம் ஜெயிச்சிருக்கு.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. ஈரான்காரர் முகமதுரேசா ஷாட்லு. ஆல்ரவுண்டர்னு எழுதினாலும் லெஃப்ட் கார்னர்ல நின்னு கால வாரறது தான் மெயின் தொழில். 2024 மார்ச்சுல புனேவுக்கு ஆடினார், கோப்பை. அதே வருஷம் டிசம்பர்ல ஹரியானாவுக்கு ஆடினார், கோப்பை. டீம் மாறுது, ரைடர்கள் மாறறாங்க, கார்னர்ல நிக்கற ஆளு மாறல. 2023 ஏலத்துல புனே அவருக்கு 2.35 கோடி குடுத்துச்சு. கைக்காசு போடறவனுக்கு தெரியுது, டீக்கடை பெஞ்சுக்கு தான் தெரியல.

எதுக்கு இப்படி ஆகுது? ஸ்கோர் போர்டு பாதி ஆட்டத்த தான் எழுதுது. ஒரு ரைடர பிடிச்சா 1 பாயிண்ட். அவ்ளோ தான் எழுதுவாங்க. ஆனா பிடிபட்டவன் அவனோட டீம் எதிர் டீம்ல ஆள அவுட் ஆக்கற வரைக்கும் வெளிய உக்காரணும். அவன் நாலு நிமிஷம் வெளிய இருந்தான்னா, அரை நிமிஷத்துக்கு ஒரு ரைடு கணக்குல அந்த டீமுக்கு வர்ற நாலு ரைடுல அவன் போக முடியாது. அந்த நாலு ரைடுல அவன் எடுத்திருக்கக் கூடிய பாயிண்ட் எந்த ஏட்டுல இருக்கு?

இன்னொன்னு. ரைடரோட கால் மாறறதுக்கு முன்னாடியே கவரும் கார்னரும் சேர்ந்து நகர்ந்து, அவன ஒன்னும் இல்லாம திருப்பி அனுப்பறாங்க பாருங்க, அதுக்கு பூஜ்யம். அப்படி தொடர்ந்து ரெண்டு ரைடு வெறுங்கையோட போனா மூணாவது டூ ஆர் டை. அதுல பாயிண்ட் எடுக்கலைன்னா அவன் அவுட். அந்த நெருக்கடிய உண்டாக்கினது யாரு? பேரே வராது. எங்க ஊர் சேலை மாதிரி தான். வாங்கறவங்க முந்தானைய விரிச்சு பாப்பாங்க, பாவு ஓட்டினவர யாரு கேக்கறா?

இது கபடிக்கு மட்டும் இல்லீங்க. கூடைப்பந்துல பில் ரஸ்ஸல் எந்த சீசன்லயும் சராசரி 20 பாயிண்ட தொட்டதில்ல. ஆனா 1957ல இருந்து 1969 வரைக்கும் 13 சீசன்ல 11 கோப்பை! ஒரே ஆட்டத்துல 100 பாயிண்ட் போட்ட வில்ட் சேம்பர்லினுக்கு மொத்தமே 2 தான். இன்னிக்கு என்பிஏ இறுதிப் போட்டியோட சிறந்த வீரர் விருது தடுத்து ஆடின அந்த ரஸ்ஸல் பேர்ல தான் இருக்கு.

"அப்ப பிரதீப் நர்வால்?"னு கேப்பீங்க. நியாயம் தான். 2017 இறுதி ஆட்டம் சென்னையில. பாசல் அத்ராச்சலி மாதிரி பிடி மன்னன் இருந்த குஜராத்த பாட்னா 55-38ன்னு துவைச்சுது, பிரதீப் மட்டும் 19. அடுத்த சீசன் இறுதியில பவன் 22. இத மறைச்சா நான் யோக்கியன் இல்ல. தனி ஆளா கோப்பை வாங்கித் தர்ற ரைடர் இருக்காங்க. ஆனா அப்படி ஒருத்தர் அமையறது அபூர்வம். அத வச்சு ஏழு பேர் ஆடற ஆட்டத்துக்கு சட்டம் போடாதீங்கங்கறேன்.

எனக்கு என்ன வலின்னா, இதோட பாதிப்பு கீழ வரைக்கும் வருது. போன பொங்கலுக்கு பக்கத்து ஊர்ல ஒரு போட்டி. இறுதி ஆட்டத்துல எதிர் டீமோட பெரிய ரைடர ஒரு பையன் மூணு தடவை ஆங்கிள்ல பிடிச்சு உக்கார வச்சான். ஜெயிச்சதே அதனால தான். சிறந்த ஆட்டக்காரர் பரிசு? எட்டு பாயிண்ட் எடுத்த ரைடருக்கு. கார்னர் பையனுக்கு ஒரு துண்டு போத்தி அனுப்பிட்டாங்க. அடுத்த நாள் பயிற்சிக்கு வந்தவன் என்கிட்ட சொல்றான், "அண்ணா, இனிமே நானும் ரைடு போறேன்."

எல்லாரும் ரைடு போனா யாருடா பிடிக்கறது?

போட்டி நடத்தற அண்ணன்மாருக்கு ரெண்டே வேண்டுகோள். ஒன்னு, ஸ்கோர் எழுதறவர் ஒவ்வொரு ரைடரும் எத்தனை நிமிஷம் வெளிய உக்காந்திருந்தார்னு ஒரு கட்டம் போட்டு எழுதட்டும். ரெண்டு, சிறந்த ரைடருக்கு குடுக்கற அதே தொகைய சிறந்த கேட்சருக்கும் குடுங்க.

டிஸ்கி: ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல பாடி வாங்க. லெஃப்ட் கார்னர்ல தான் நிக்கறேன் :-)