முருகைக்கல்லை வாங்கியது யார்?

"பவளப்பாறையை அழித்ததே மீனவர்கள்தான்." தூத்துக்குடியில் கடலைப் பற்றி எந்த விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. வருஷக்கணக்காகக் கேட்டு வெறுத்துப்போயிற்று.

மீன் பிடிக்கும் கூடு வைப்பதால் பாறை உடைகிறதாம், நங்கூரம் போடுவதால் உடைகிறதாம். ஒரு தீவையே கடலுக்குள் அனுப்பும் வேலை கூட்டாலும் நங்கூரத்தாலும் ஆகாது.

கல் எடுத்த கதைக்கு வருகிறேன். வள்ளத்தில் போய், கடப்பாரையால் பெயர்த்து, முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, கரை சேர்த்தவர்கள் கடற்கரைக்காரர்கள்தான். அதை அவர்கள் சமைத்தா தின்றார்கள்? சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது. கால்சியம் கார்பைடு செய்யப் போனது. வீடு கட்டப் போனது. ஊரின் பழைய தெருக்களில் காரை உதிர்ந்த சுவர் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய கல். அதில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் பூவிதழ் போல வரிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பவள உயிர் குடியிருந்தது. அந்தச் சுவரை எழுப்பியவர்கள் வசதி படைத்தவர்கள். கல்லைப் பெயர்த்தவன் ஓலைக்குடிசையில் கிடந்தான். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் கல் வந்துகொண்டுதான் இருந்தது. வாங்க ஆள் இருந்ததால் வந்தது. பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்க 2001 வரை ஆயிற்று. கல் எடுத்து எடுத்து, அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்குள். கல் எடுப்பது 2005 வாக்கில், சுனாமிக்குப் பிறகு நின்றது. காவல் இறுகியது; தீவும் பாரும் (பவளப்பாறையும்) இருந்தால்தான் அலையைத் தாங்கும் என்று கரை மக்களும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். எந்த மேடையிலும் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, அதன் பிறகு பவளம் சாகவில்லையா? 2016 கோடையில் கடல்நீர் சூடேறியது. தனக்குச் சோறு போடும் நுண்பாசியையே வெளியே தள்ளிவிட்டுப் பவளம் வெளுத்தது. உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியது. கணக்கெடுத்தது இதே ஊரிலிருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். எந்த வள்ளம் அந்தச் சூட்டைக் கிளப்பியது?

சங்கு குளிக்கிறவனுக்குப் பார் என்பது பிழைப்பு. அவனுக்குப் பாடம் எடுத்தது போதும். நகரத்துச் சாக்கடையும் அனல் மின் நிலையச் சாம்பலும் கடலில் கலந்ததற்குப் பொறுப்பானவர்களைக் கூப்பிட்டு, பவளப்பாறையை அழித்தது யார் என்று அவர்களிடம் கேளுங்கள்.