பழைய லாரிக்குப் புதிய ஆல்டர்னேட்டர்

கூட்டுறவுச் சங்கத்தின் உடைமைகளுள் இரவும் பகலும் உழைப்பது அதன் லாரியே எனலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் சுற்று வட்டாரத்தில் விளையும் காய்கறிகள் விடியுமுன் கோயம்பேடு சேர வேண்டும். நெசவாளர்க்கு வேண்டிய நூல் வந்தாக வேண்டும். நெய்த துணி காஞ்சிபுரம் சென்றாக வேண்டும். இருளில் ஓடும் வண்டிக்கு விளக்கு இன்றியமையாதது. அவ்விளக்குக்கும், பாட்டரிக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். அது பழுதுற்றால் எதை வாங்குவது என்பது மெக்கானிக் ஒருவரே தீர்மானிக்கும் விஷயமன்று. அங்கத்தினர் பணத்தைக் காக்கும் நிர்வாகக் குழுவும் சிந்திக்கற்பாலது.

நம் வட்டாரம் மோட்டார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் கார்கள் வெளிவரலாயின. ஒரகடத்தில் டைம்லர் லாரி ஆலை 2012-இல் திறக்கப்பட்டது. மோட்டார் மின்சாரக் கருவிகளுக்கென லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தோன்றிப் பாடியில் தொழில் நடத்தி வருகிறது. ஆகவே உதிரிப் பொருள்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆயினும் புதிய லாரிக்குப் பொருத்தமானது பழைய லாரிக்கும் பொருந்தும் என்று எண்ணுவது தவறு. புதிய வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடும் குளிர்சாதனமும் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். பழைய டீசல் லாரியின் தேவையோ வேறு.

முதலில் பழுது எங்கே என்று அறிதல் வேண்டும். 24 வோல்ட் வண்டியில், நன்கு சார்ஜ் ஏறிய பாட்டரி, எஞ்சின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 25 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயரவில்லையெனில் பெல்ட் தளர்ந்திருக்கலாம், எர்த் கம்பி துருவேறியிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பல வண்டிகளில் சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் பல்பு எரிந்துபோனாலே ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்காமல் இருப்பதுண்டு. சிறு தொகையில் தீரும் குறைக்குப் புதிய கருவி வாங்குவது சங்கப் பணத்தை வீணாக்குவதாகும்.

மாற்றியே ஆக வேண்டுமெனில், எத்தனை ஆம்பியர் தேவை? தாளும் பென்சிலும் இருந்தால் போதும். உதாரணமாக, முகப்பு விளக்கு இரண்டுக்கும் 150 வாட், பக்க, பின் விளக்குகளுக்கு 60, வைப்பருக்கு 80, அறை விசிறிக்கு 50, இருப்பிடம் காட்டும் கருவிக்கும் செல்பேசிக்கும் 30, ஆக 370 வாட். இதை 28-ஆல் வகுத்தால் சுமார் 13 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியை நிரப்ப அதில் பத்திலொரு பங்காகிய 10 ஆம்பியர் சேர்த்தால் 23. இதன்மேல் மூன்றிலொரு பங்கு கூட்டினாலும் 31-க்கு மிகாது. ஆகவே இத்தகைய வண்டிக்கு 35 முதல் 45 ஆம்பியர் வரை தரும் கருவி தாராளமாகப் போதும். 90 ஆம்பியர் வாங்குவோர், பயன்படாத சக்திக்கு விலை கொடுப்பவராவர். பாட்டரி காலியாகிப் பெரிய கருவி முழு மின்சாரமும் தர முற்படும்போது ஒற்றைப் பெல்ட் வழுக்கும்; பழைய கம்பியும் சூடேறும். கம்பியைத் தடிமனாக மாற்றாமல் ஆம்பியரை உயர்த்துவது தீ விபத்துக்கு இடமளிப்பதாகும்.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். கருவியின் மேல் பொறித்த ஆம்பியர், அது வேகமாகச் சுழலும்போது தருவது. போக்குவரத்து நெரிசலில் வண்டி ஊர்ந்து நிற்கையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆகவே குறைந்த வேகத்தில் எவ்வளவு தரும் என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குக. புல்லியின் அளவும், பொருத்தும் துளைகளும் பழையதோடு ஒத்திருத்தல் வேண்டும்.

நிற்க. உயிர் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்றுண்டு. சில இலகு ரக டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் இணைந்திருக்கும். அஃதில்லாத கருவியை மலிவென்று மாட்டினால் விளக்கு எரியும். பிரேக் மிதியோ கல்லாகிவிடும். ஓட்டுநரும் சுமையேற்றுவோரும் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் அல்லரோ! பழையதில் அப்பம்ப் இருந்தால் புதியதிலும் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

குறைந்த விலைப்புள்ளியை ஏற்பதே தணிக்கைக்குப் பாதுகாப்பு என்று சில காரியதரிசிகள் கருதுகின்றனர். அவர்களது அச்சம் நமக்கு விளங்காததன்று. ஆனால் ஒரே தரத்துப் பொருள்களுக்கிடையே விலையை ஒப்பிடுவதே ஒப்பீடாகும். வோல்ட், ஆம்பியர், வேக்கம் பம்ப், உத்தரவாதக் காலம் ஆகிய நான்கையும் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே குறித்துவிட்டால், வருகிற விலைகள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கனவாகும். சற்றுக் கூடிய விலையைத் தேர்ந்தால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுக. காரணம் எழுதப்பட்ட செலவைக் கண்டு எந்தத் தணிக்கையாளரும் முகஞ்சுளிப்பதில்லை. பழுது பார்த்துப் புதுப்பித்த கருவியும் தள்ளத்தக்கதன்று. பேரிங், டயோடு மாற்றிய விவரம் பில்லில் இருந்து, உத்தரவாதமும் தந்தால் ஏற்கலாம். பில்லில்லாப் பொருள் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

மாட்டிய பின்னரும் ஓட்டுநர்க்கு ஒரு சொல்: எஞ்சின் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை விடுக. டைனமோ காலத்தில் வந்த அப்பழக்கம், ஆல்டர்னேட்டரின் டயோடுகளை நொடியில் கெடுத்துவிடும்.

கணக்குப் பார்த்து வாங்குவதே சிக்கனம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் லாரியின் மின் தேவையை ஒரு தாளில் கணக்கிட்டுக் கோப்பில் சேர்த்து வைப்பீர்களாக. பழுது வரும் நாளில் அவசரத்துக்கு ஆளாகாமல் அத்தாள் உங்களைக் காக்கும்.